நான் வாங்காத டிராக்டர்

நான் டிராக்டர் வாங்கியவன் இல்லை. உழவுக்கு வாடகைக்குக் கூப்பிட்டிருக்கிறேன். சேற்றில் சக்கரம் புதைந்துவிட்டால் இறங்கித் தள்ளியிருக்கிறேன். எனக்கும் டிராக்டருக்கும் உள்ள உறவு அவ்வளவுதான். அப்படிப்பட்ட என்னைப் பார்த்துக் கும்பகோணத்தில் ஒரு வங்கி மேலாளர், "எங்க பேங்க்ல வாங்குன டிராக்டர் லோனை மூணு வருசமா கட்டாம வச்சிருக்கீங்க. இப்ப நிலம் வாங்க லோன் கேட்டு வந்திருக்கீங்க. எப்படிங்க குடுக்க முடியும்?" என்று கேட்டார். கடன் வாங்கியவர்களின் கணக்கையெல்லாம் மும்பையில் ஒரு கம்பெனி சேர்த்து வைத்திருக்கிறதாம். அதில் என் பெயருக்கு நேரே அப்படித்தான் இருக்கிறது என்று ஒரு தாளை அச்செடுத்துக் கையில் கொடுத்தார்.

நான் "சரிங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வேறு யாராக இருந்தாலும், "எந்த டிராக்டர்? யார் வாங்கினது?" என்று அங்கேயே கேட்டிருப்பார்கள். எனக்கு அந்தக் கேள்வி, செருப்பைப் போட்டுக்கொண்டு பேருந்து நிலையம் வரை நடந்த பிறகுதான் வாயில் வந்தது. சிறு வயதிலிருந்தே நான் இப்படித்தான். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டதற்கு வறுமை ஒரு காரணம். ஆறாம் வகுப்புக்கு அடுத்த ஊர்ப் பள்ளிக்குப் போய், புது ஆட்கள் முன்னால் எழுந்து நின்று பெயர் சொல்ல வேண்டுமே என்ற பயம் இன்னொரு காரணம். இரண்டாவது காரணத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மனைவி சிரித்தாள்.

"டிராக்டர் வாங்குனவன் கடன் கட்டாம இருக்கறது ஊர்ல உள்ளதுதான். டிராக்டரே வாங்காம கடன் கட்டாத ஆளு நீங்க ஒருத்தர்தான்."

நான் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். ஆறு மா நிலம் இந்தத் தாளில் சிக்கிக்கொண்டது என்று அவளுக்கும் தெரிந்தது.

ஆறு மா என்றால் இரண்டு ஏக்கர். அரசலாற்று வாய்க்கால் பாயும் நிலம். என் அப்பா அதில் முதலில் பண்ணையாள். கூலியாகக் கொடுத்த நெல்லில் அரைப்படி கூட்டிக் கேட்டதற்காக அவரும் அவருடைய அண்ணனும் கொடி பிடித்தார்கள், அடி வாங்கினார்கள், ஒரே வண்டியில் ஏற்றப்பட்டு ஒரே சிறைக்குப் போனார்கள். பிறகு ஆட்சி மாறியது. குத்தகைக்காரன் பெயரைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. அப்பாவின் பெயர் ஏறியது. நிலத்துக்காரர் எங்களை வெளியேற்ற வழக்குப் போட்டார். அது இழுத்துக்கொண்டே கிடந்தது. போட்டவரும் போய்ச் சேர்ந்தார், எதிர்த்தவரும் போய்ச் சேர்ந்தார்.

நிலத்துக்காரரின் மகன் சென்னையில் என்ஜினீயராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு மாசி மாதம் காரில் வந்து வரப்பில் நின்றார். கால் வழுக்காமல் இருக்க என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்கப்பாவும் எங்கப்பாவும் சண்டை போட்டது போதும். நான் விக்கலாம்னு இருக்கேன். வெளியாளுக்குன்னா முழு விலை. நீ எடுத்துக்கிட்டா பாதி விலை போதும், குத்தகைக்காரன் பங்குன்னு இந்தப் பக்கத்துல உள்ள வழக்கம்தானே. பேங்க்ல கடனைக் கேளு. நான் பொறுத்துக்கறேன்."

அப்பா சிறைக்குப் போய்க்கூடக் கிடைக்காதது எனக்கு வரப்பில் நின்றபடியே கிடைக்கப்போகிறது என்று நினைத்தேன். அந்த ஆசையோடுதான் வங்கிக்குப் போனேன்.

எனக்காகப் பேசுவதற்கு ஓர் ஆள் இருந்தார். பெரியப்பாவின் மகன். என்னைவிட ஒன்றரை வயது மூத்தவர். எங்கள் பங்காளி வீடுகளில் தலைப்பிள்ளைக்குக் குலசாமியின் பெயரைத்தான் வைப்பார்கள். அதனால் அவருக்கும் எனக்கும் ஒரே பெயர். எங்கள் அப்பாக்களின் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கும். தெருவும் ஒன்று. ஊரில் அவரைப் பெரியவர் என்றும் என்னைச் சின்னவர் என்றும் சொல்வார்கள். தாளில் அந்த வித்தியாசம் கிடையாது.

அவர் பத்தாவது வரை படித்தவர். கட்சியின் கிளைச் செயலாளர். கரைவேட்டி இல்லாமல் தெருவில் இறங்கமாட்டார். ரேஷன் கடை, தாலுகா அலுவலகம், கூட்டுறவுச் சங்கம் எங்கே போனாலும் அவர் முன்னால் நின்று பேசுவார், நான் பின்னால் நிற்பேன். "இவன் வாயி எங்கிட்டதான் இருக்கு" என்று சொல்லிச் சிரிப்பார். எனக்கு அதில் வெட்கமில்லை. எனக்கும் ஓர் ஆள் இருக்கிறது என்று பெருமையாகத்தான் இருந்தது.

அவரிடம் ஒரு டிராக்டர் இருந்தது. இதைப் படிக்கிறவர்களுக்கு இங்கேயே புரிந்திருக்கும். எனக்குப் புரிய ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆனது. சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் பணம் அனுப்பி ரொக்கமாக வாங்கியது என்று அவர் சொல்லியிருந்தார். அவர் சொன்னதை நான் ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை.

வங்கிக்காரர் கொடுத்த தாளை அவரிடம்தான் கொண்டுபோய்க் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"கம்ப்யூட்டர் பண்ற கூத்துடா இது. ஒரே பேரு ஆயிரம் பேருக்கு இருக்கும். எவன் கடனையோ ஒன் தலையில ஏத்திட்டானுவ. மனு போட்டா சரியாயிடும், விடு."

"நீங்க பேங்குக்கு வந்து ஒரு வார்த்த சொன்னீங்கன்னா..."

"கரைவேட்டி கட்டுனவன் உள்ள வந்தா மேனேஜரு மொறச்சுக்குவான். நான் எழுதித் தர்றேன். நீ போயி குடு. நான் வெளில நிக்கிறேன்."

அப்படியே செய்தோம். அவர் எழுதுவார், நான் கையெழுத்துப் போட்டு உள்ளே கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர் வெளியில் வேப்பமரத்தடியில் நிற்பார். வங்கிக்கு இரண்டு, தஞ்சாவூரில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டருக்கு மூன்று, சென்னைக்குத் தபாலில் ஒன்று. ஒவ்வொரு தடவையும் பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் நான்தான் கொடுத்தேன். அவர் எனக்காக அலைகிறாரே என்று சங்கடப்பட்டு, அந்த வருடம் உழவுக் கூலியில் பேரம்கூடப் பேசவில்லை.

இப்போதைய நிலத்துக்காரரான அந்த என்ஜினீயர் மாதம் ஒருமுறை போனில் கூப்பிடுவார். "என்னப்பா ஆச்சு?" என்பார். "மனு போட்டிருக்குங்க" என்பேன்.

ஒரு திங்கட்கிழமை கட்சிக் கூட்டத்துக்குப் பெரியப்பா மகன் திருச்சி போய்விட்டார். அவர் எழுதி வைத்துவிட்டுப் போன ஏழாவது மனுவோடு நான் தனியாகக் கலெக்டர் அலுவலகத்துக்குப் போனேன். மனுவைப் பதிவு செய்த அம்மா முழுவதும் படித்துப் பார்த்தார். அதுவரை என் மனு எதையும் யாரும் முழுவதும் படித்ததில்லை.

"இது எங்க வேலையே இல்லீங்களே. நுகர்வோர் கோர்ட்ல போடணும் நீங்க. வக்கீலுக்குப் பணம் இல்லன்னா சட்ட உதவி மையத்துல கேளுங்க. கோர்ட் வளாகத்துலதான் இருக்கு, போங்க" என்றார்.

போகாமல் திரும்பியிருப்பேன். அவர் வாசல் வரை வந்து கையைக் காட்டி வழி சொன்னதால், பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று நடந்துவிட்டேன்.

அங்கே எனக்கு ஒரு பெண் வக்கீலை ஒதுக்கினார்கள். முப்பது வயது இருக்கும். கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மேசையிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"பேச வேணாம். வீட்டுக்குப் போயி மொதல்லேருந்து எழுதிட்டு வாங்க. யாரு என்ன சொன்னாங்க, என்னைக்குச் சொன்னாங்க, எல்லாம்."

எழுதினேன். பேச வராதது எழுத வந்தது. இப்போது இதை எழுதுவதும் அந்த நோட்டில் பிடித்த பழக்கம்தான்.

நோட்டையும் பழைய மனுக்களின் நகல்களையும் படித்துவிட்டு அவர் ஒன்றுதான் கேட்டார்.

"இந்த மனுவெல்லாம் யாரு எழுதிக் குடுத்தது?"

"எங்க அண்ணங்க. பெரியப்பா மகன்."

"நல்லா எழுதியிருக்காரு. எல்லாத்தையும் கேட்டிருக்காரு. அந்த லோன் அப்ளிகேஷனைக் காட்டுங்கன்னு மட்டும் ஒரு மனுவுலயும் கேக்கல."

நான் அதற்குமேல் நினைக்கவில்லை. தெரியாமல் விட்டிருப்பார் என்று பதில் சொன்னேன்.

வங்கியின் மேலும் மும்பைக் கம்பெனியின் மேலும் வழக்குப் போட்டோம். வங்கி கொடுத்த விவரத்தைத்தான் வைத்திருக்கிறோம் என்று கம்பெனி பதில் அனுப்பியது. தங்கள் விவரம் சரிதான் என்றது வங்கி. அப்படியானால் கடன் விண்ணப்பத்தைக் கொண்டுவந்து காட்டுங்கள் என்று நுகர்வோர் ஆணையம் உத்தரவு போட்டது. மூன்று வாய்தாவுக்குப் பிறகு கொண்டுவந்தார்கள்.

வக்கீல் அம்மா நகலை வாங்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார். விண்ணப்பத்தின் மூலையில் ஒரு போட்டோ ஒட்டியிருந்தது.

"இது யாருன்னு தெரியுதாங்க?"

தெரிந்தது. தோளில் துண்டு. இடது புருவத்தில் வெட்டு. அந்த வெட்டு கிட்டிப்புள் விளையாடும்போது நான் அடித்த புள் பட்டு வந்தது. கீழே அவருடைய கையெழுத்து. என் ஏழு மனுக்களையும் எழுதிய அதே கை. அதற்கும் கீழே பான் கார்டு எண். அது என்னுடையது. அடுத்த பக்கத்தில் என் கார்டின் நகல், முகம் மட்டும் கறுப்பாகத் தேய்ந்து.

"எங்க அண்ணன்" என்றேன்.

அந்த அம்மா எனக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

பேருந்தில் வரும்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஊராட்சி அலுவலகத்தில் பான் கார்டு எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று இரண்டு பேருக்கும் அவர்தான் பாரம் எழுதினார். தபாலில் வந்த இரண்டு உறைகளையும் அவர்தான் வாங்கினார். எனக்குக் கார்டு கொடுத்தது பத்து நாள் கழித்து. உறை கிழிந்திருந்தது. தபால்காரன் கிழித்துவிட்டான் என்றார். சரி என்றேன்.

நான் போனபோது அவர் மதகுப் பக்கம் வாய்க்காலில் டிராக்டரை இறக்கிக் கழுவிக்கொண்டிருந்தார். விண்ணப்ப நகலை நீட்டினேன். ஈரக்கையால் வாங்காமல், எட்டிப் பார்த்தார். முகம் மாறவில்லை. எனக்கு அதுதான் இன்றுவரை ஆறவில்லை.

"பாத்துட்டியா" என்றார்.

"ஏண்ணே?"

"எங் கார்டுல பைக்கு லோனு பாக்கி நின்னுச்சுடா. புரோக்கரு இந்தக் கார்டு ஓடாதுன்னுட்டான். ஒங் கார்டோட ஜெராக்ஸு ஒண்ணு எங்கிட்ட கெடந்துச்சு. நீ என்ன அந்தக் கார்ட வச்சிக்கிட்டு லண்டனுக்கா போவப்போற?"

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ வேணாம்னா சொல்லியிருப்ப?"

உண்மைதான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது. அவருக்கு அது தெரிந்திருந்தது.

"கட்டியிருக்கலாமேண்ணே."

"எலெக்சன் வந்தா தள்ளுபடி ஆவும்னு இருந்தேன். ரெண்டு தடவ ஆச்சே. சங்கத்துக் கடனத் தள்ளுபடி பண்ணானுவ, இத பண்ணல. நான் என்ன பண்ணுவேன்?"

எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான் இருப்பார்கள். எந்தக் கட்சி வந்தாலும் தள்ளுபடி வரும், கட்டுகிறவன்தான் ஏமாளி. சங்கத்துக் கடனைத் தவணை தவறாமல் கட்டிய என்னையும் டீக்கடையில் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் அவர்கள் கட்டாமல் விட்டது அவரவர் பெயரில்.

"ஆறு மா போவுதுண்ணே."

அவர் வாளியைக் கீழே வைத்தார். "பங்காளிக்குள்ள கோர்ட்டு வேணாம்டா. கேசத் தள்ளி வையி. சம்பா அறுப்பு முடியட்டும். கடன் என்னோடதுன்னு நானே கோர்ட்ல எழுதிக் குடுத்துடுறேன். குலசாமி மேல சத்தியம்."

வக்கீல் அம்மாவிடம் போய் வாய்தா கேட்கச் சொன்னேன். "அவரு எழுதிக் குடுப்பாருன்னு நம்புறீங்களா?" என்று கேட்டார். சாமி மேல் சத்தியம் செய்திருக்கிறார் என்றேன். எங்கள் இருவருக்கும் பெயர் கொடுத்த சாமி அது என்றும் சொன்னேன். அவர் பெருமூச்சு விட்டு எழுதிக்கொண்டார்.

அறுப்பு முடிந்தது. அண்ணன் எழுதிக் கொடுத்தார். எங்களுக்கு அல்ல, வங்கிக்கு. பான் கார்டை நானே மனமுவந்து கொடுத்தேன் என்றும், ஒரே குடும்பம் என்பதால் என் பெயரில் கடன் வாங்கிக்கொள்ளச் சொன்னேன் என்றும், நிலம் வாங்க வேண்டி வந்ததால் இப்போது பொய் சொல்கிறேன் என்றும் அதில் இருந்தது. வங்கி அதைத் தன் பக்கத்துச் சான்றாகத் தாக்கல் செய்தது. வக்கீல் அம்மா வரிவரியாகப் படித்துச் சொன்னார். கடைசி வரியை நான் கேட்கவில்லை. தாளின் கீழே இருந்த கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்காக எத்தனை தாளில் அந்தக் கை ஓடியிருக்கிறது!

ஊரிலும் அதைத்தான் நம்பினார்கள். எங்கள் பக்கத்தில் நகையை அடகு வைக்கக்கூட ஒருவர் பெயரில் இன்னொருவர் வைப்பது சாதாரணம். "குடுத்துட்டு இப்ப இல்லங்கறான். ஊமக் குசும்பன்" என்று என் காதுபடவே பேசினார்கள்.

ஆணையத்தில் பெரும்பாலும் தாள்களை வைத்துத்தான் வாதம் நடக்கும். ஆனால் அன்றைக்குத் தலைவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"நீங்களே சொல்லுங்க. கார்டை நீங்க குடுத்தீங்களா?"

வக்கீல் அம்மா எழுந்தார். தலைவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். முன்னால் நின்று பேச அன்றைக்கு எனக்கு யாரும் இல்லை.

"இல்லீங்கய்யா" என்றேன். குரல் வெளியே வந்ததா என்று தெரியவில்லை. மறுபடியும் சொன்னேன். "குடுக்கலீங்கய்யா. கேட்டிருந்தா குடுத்திருப்பேன். அவரு கேக்கல."

வங்கியின் வக்கீல் சட்டென்று எழுந்து, "கேட்டிருந்தா குடுத்திருப்பேன்னு அவரே சொல்றாரு" என்றார். தலைவர் அவரைப் பார்த்து, "கேக்கலன்னும் சொல்றாரு. நீங்க லோன் குடுத்தது எந்த மொகத்துக்கு? கார்டுல உள்ளதுக்கா, போட்டோவுல உள்ளதுக்கா?" என்றார்.

தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. அந்தக் கடனை என் பெயரிலிருந்து நீக்க வேண்டும், மன உளைச்சலுக்கு ஒரு தொகை தர வேண்டும் என்று உத்தரவு. நீக்கியும்விட்டார்கள். புதுத் தாளை எடுத்துக்கொண்டு மறுபடி வங்கிக்குப் போனேன். மேலாளர் மாறியிருந்தார். இந்த ஆள் மரியாதையாகப் பேசினார்.

"இப்ப ஒங்க பேர்ல ஒண்ணுமே இல்லீங்க. கடன் வாங்குனதா, கட்டுனதா எதுவும் இல்ல. எத வச்சு நான் குடுக்கறது?"

சங்கத்தில் இருபது வருடம் தவறாமல் கட்டியது மும்பைக்குப் போய்ச் சேரவில்லையாம். அந்தத் தாளில் நான் இருந்தது கடன் கட்டாதவனாக மட்டும்தான். அதையும் எடுத்துவிட்டதால் நான் இல்லாமலே போய்விட்டேன்.

இதற்குள் இரண்டு சம்பா முடிந்திருந்தது. நிலத்துக்காரர் சொன்னதைவிட அதிகமாகவே பொறுத்தார். அவருடைய மகள்கள் நெருக்கினார்கள். ஒருநாள் போனில், "மன்னிச்சுக்கப்பா. ரோட்டுப் பக்கத்து மூணு மாவ வெளியாளுக்குக் குடுத்துட்டேன். வாய்க்கால் பக்கம் மூணு மா ஒனக்கு வச்சிருக்கேன். அதுக்காவது வழி பண்ணு" என்றார். குத்தகைப் பதிவைக் காட்டி மறுத்திருக்கலாம்; நான் "சரிங்க" என்றேன். என் அப்பாவைச் சிறைக்கு அனுப்பிய வீட்டின் பிள்ளை என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அப்பாவோடு சிறைக்குப் போனவரின் பிள்ளை கேட்கவில்லை.

வாங்கியவர் மனை போடுவதற்காக மண் அடித்தார். நாற்று விட்டால் மற்ற வயலைவிட இரண்டு நாள் முன்னதாகப் பச்சை கட்டுகிற நிலம் அது. அதில் செம்மண்ணைக் கொண்டுவந்து கொட்டியது எங்கள் அண்ணனின் டிராக்டர். நான் வரப்பில் நின்று பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து, வழியில் பார்த்தால் எப்படிக் கை காட்டுவாரோ அப்படிக் காட்டிவிட்டுப் போனார்.

மனைவியின் நகையும் இரண்டு மாடுகளும் மீதி மூன்று மாவுக்குப் போயின. வைகாசியில் ஒரு நல்ல நாளில் பத்திரம் பதியப் போனோம். நிலத்துக்காரர் காலையிலேயே சென்னையிலிருந்து வந்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அவருடைய கார் ஓட்டுநர். இன்னொரு ஆளாக நான் சொல்லி வைத்திருந்த பக்கத்து வயல்காரர் வரவில்லை. பங்காளிச் சண்டையில் கையெழுத்துப் போட வேண்டாம் என்று வீட்டில் தடுத்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

அப்போது அண்ணன் வந்தார். வேறு யாருக்கோ பத்திர வேலையாக வந்தவர். எங்கள் தெருவில் எந்தப் பத்திரத்துக்கும் அவர்தான் சாட்சி போடுவது. புதுக் கரைவேட்டி, பையில் இரண்டு பேனா. ஒன்றுமே நடக்காதது மாதிரி பக்கத்தில் வந்தார்.

"சாட்சிக்கு ஆளு கொறையுதாமே. நான் போடுறேன்டா. ஆதாரு கையிலதான் இருக்கு. என்ன இருந்தாலும் நம்ம அப்பனுவ பாடுபட்ட நெலம்."

எழுத்தர் தாளை அவர் பக்கம் நகர்த்தினார். நிலத்துக்காரர் என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால் கையெழுத்து விழுந்திருக்கும். நாற்பது வருடமாக அப்படித்தான் எல்லாம் நடந்தது.

"வேணாம்ணே" என்றேன். "ஆளு இருக்கு."

ஆள் இல்லை. அவரைத் தாண்டி வெளியே வந்து, சாலையைக் கடந்து எதிர் டீக்கடைக்குப் போனேன். பெஞ்சில் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். சீர்காழிப் பக்கத்துக்காரர், ஏதோ வில்லங்கச் சான்று வாங்க வந்தவர் என்று பிறகு சொன்னார். நான் போய் அவர் முன்னால் நின்றேன்.

"ஒரு பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடணும். வர முடியுங்களா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்னைய ஒங்களுக்குத் தெரியாதேங்க?"

"தெரியாதுங்க" என்றேன். "அதனாலதாங்க கேக்குறேன்."

அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப் பையில் அடையாள அட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டு எழுந்தார்.